ஃப்ரெஷர் வேண்டாம்னா அனுபவம் எங்கேர்ந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற வேலைவாய்ப்பு விளம்பரத்தை விடாம படிக்கிறவ நான். எனக்கு வேலை தேடி இல்லைங்க, நான் பல வருஷமா ஒரு ஆஸ்பத்திரியில வார்டு இன்சார்ஜா இருக்கேன், படிக்கும்போது எங்க வார்டுல போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சி, பாத்துட்டு படிப்பு முடிச்சுப் போன நர்ஸிங் புள்ளைங்க "சிஸ்டர், எங்கயாவது வேகன்சி இருந்தா சொல்லுங்க"ன்னு மெசேஜ் போட்டுட்டே இருப்பாங்க, அதுங்களுக்காகப் பாக்குறது. பாத்துப் பாத்து ஒரு விஷயம் மனசுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு, அதை எழுதித்தான் ஆகணும்னு உக்காந்துட்டேன்.

"ஸ்டாஃப் நர்ஸ் தேவை, குறைந்தது இரண்டு வருட அனுபவம்." எந்த விளம்பரத்தைப் பாத்தாலும் இதுதான். ஐசியூவுக்குக் கேட்டா சரி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டருக்குக் கேட்டாலும் ஒரு நியாயம் இருக்கு. ஜெனரல் வார்டுக்கும் ரெண்டு வருஷமா? டெம்பரேச்சர் பாத்து, மாத்திரை குடுத்து, டிரிப் மாத்தி, டிரெஸ்ஸிங் பண்ணி, பெட்சோர்ங்கிற படுக்கைப் புண்ணு வராம திருப்பிப் படுக்க வச்சு, இதெல்லாம் கத்துக்கிற இடமே ஜெனரல் வார்டுதானே. அங்கயே ஃப்ரெஷர் வேண்டாம்னா அந்த ரெண்டு வருஷத்தை எந்தக் கடையில போயி வாங்குறது? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு பெரியவங்க சொன்ன கதைதான் இது.

இன்னொரு பக்கம் பாத்தா உலகம் முழுக்க நர்ஸ் பத்தலன்னு அழுகை. உலக சுகாதார நிறுவனம் 2025ல விட்ட அறிக்கையில, 2023 கணக்குப்படி உலகத்துல மொத்தம் 2 கோடியே 98 லட்சம் நர்ஸுங்க, இன்னும் 58 லட்சம் பேர் தேவைன்னு இருக்கு. அவ்வளவு பத்தாக்குறைன்னா சர்டிபிகேட்டும் கையுமா நிக்கிற பொண்ணை வாசல்லயே திருப்பி அனுப்புறது எப்படிங்க? அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான், எல்லா ஆஸ்பத்திரியும் இன்னொரு ஆஸ்பத்திரி கத்துக்குடுத்து முடிச்ச ஆளைத்தான் கேக்குது. கத்துக்குடுக்கிற செலவு மட்டும் அடுத்தவன் தலையில விழணும்.

1860ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில நைட்டிங்கேல் பேர்ல நர்ஸிங் ஸ்கூல் ஆரம்பிச்சப்போ படிக்கிற இடமும் வேலை பாக்குற இடமும் ஒண்ணாவே இருந்துச்சு, வார்டுலயே இருந்து வார்டு சிஸ்டர் கண்ணு முன்னாடியே பழகணும். அதுல வேற கொடுமை எல்லாம் இருந்துச்சு, படிக்க வந்த புள்ளைங்கள வேலைக்காரி மாதிரி வேலை வாங்கின காலம், அது திரும்ப வரணும்னு நான் சொல்லவே இல்ல. ஆனா படிப்பு காலேஜுக்குப் போனதுக்கப்புறம் படிச்சு முடிச்ச நாளுக்கும் தனியா ஒரு வார்டைப் பாத்துக்கிற நாளுக்கும் நடுவுல ஒரு காலம் இருக்கு பாருங்க, அது யாரு பொறுப்புன்னே இல்லாம போச்சு. காலேஜ் "நாங்க பாஸ் போட்டு அனுப்பிட்டோம்"ங்குது, ஆஸ்பத்திரி "ரெடியான ஆளா வா"ங்குது.

பாட்ரிசியா பென்னர்னு ஒரு நர்ஸிங் ஆராய்ச்சியாளர் 1980கள்லயே இதை எழுதிட்டாங்க. நர்ஸோட வளர்ச்சியை அஞ்சு படியா பிரிச்சாங்க, அதுல புதுசா பாஸ் பண்ணி வர்றவங்க ரெண்டாவது படியிலதான் இருப்பாங்க, ஒரே மாதிரி வேலையில ரெண்டு மூணு வருஷம் இருந்தாத்தான் மூணாவது படி, அதாவது தானா யோசிச்சு எதை முதல்ல செய்யணும்னு முடிவெடுக்கிற நிலைமை வரும்னு சொன்னாங்க. விளம்பரத்துல கேக்குற "ரெண்டு வருஷம்" ஏதோ காத்துல வந்த நம்பர் இல்ல, அதுல உண்மை இருக்கு. ஆனா அந்த ரெண்டு வருஷம் யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னு வளத்த ரெண்டு வருஷம், சும்மா காலண்டர்ல கிழிச்ச ரெண்டு வருஷம் இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, எங்க வார்டுல போஸ்டிங் பாத்ததுதான், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போச்சு. பேரு வேண்டாம், அந்த ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். ஒரு லிட்டர் சலைன், 8 மணி நேரத்துல போகணும், டிரிப் செட்டுல மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னு கேட்டிருக்காங்க. பேப்பர் கூட கேக்காம மனசுலயே போட்டு 42ன்னு சொல்லிருக்கு. பொட்டாசியம் இன்ஜெக்ஷன் எப்படிக் குடுப்பன்னு அடுத்த கேள்வி, "நேரா வெயின்ல தள்ளவே கூடாது மேடம், ஹார்ட் நின்னுடும், டைலூட் பண்ணி மெதுவா டிரிப்லதான், ஆர்டரை இன்னொரு சிஸ்டரோட சேந்து செக் பண்ணிட்டு"ன்னு சொல்லிருக்கு. இதுக்கு மேல ஒரு ஃப்ரெஷர் என்னங்க சொல்லணும்? எல்லாம் கேட்டுட்டுக் கடைசியா "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா"ன்னு ஒரு கேள்வி, இல்லன்னதும் "சொல்லி அனுப்புறோம்"னுட்டாங்க. ரெஸ்யூம்லயே ஃப்ரெஷர்னு எழுதித்தானே இருக்கு, அப்புறம் எதுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு இவ்வளவு கேள்வி? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.

ஆஸ்பத்திரி பக்கத்துக்கும் பேசிடுறேன், நானும் அந்தப் பக்கம்தானே சம்பளம் வாங்குறேன். ஃப்ரெஷரை எடுத்தா முதல் சில மாசம் ஒரு சீனியரோட பாதி நேரம் அதுங்களுக்கே போகும், டியூட்டி லிஸ்ட் போடும்போது அதை ஒரு முழு ஆளாக் கணக்கு வைக்க முடியாது, நைட்டு தனியா விட முடியாது. கஷ்டப்பட்டு வளத்து விட்டா ஒரு வருஷத்துல வேற இடத்துக்குப் போயிடுதுன்னு மேனேஜ்மெண்ட் புலம்பும். புலம்பல் நிஜம்தான். ஆனா ஏன் போகுதுங்கன்னு யாராவது உக்காந்து கேட்டோமா? மார்லீன் கிராமர்ங்கிறவங்க 1974லயே எழுதினாங்க, படிக்கும்போது நினைச்ச நர்ஸிங்குக்கும் வார்டுல நடக்கிற நர்ஸிங்குக்கும் இருக்கிற இடைவெளியில புதுசா வந்தவங்க ஒரு அதிர்ச்சிக்கு ஆளாகுறாங்க, அதைத் தாண்ட ஆள் துணை இல்லாதவங்கதான் வேலையை விட்டுப் போறாங்க, சிலர் தொழிலையே விட்டுப் போறாங்கன்னு. அம்பது வருஷம் தாண்டிடுச்சு, நாம இன்னும் "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல"ன்னே பேசிட்டிருக்கோம்.

வழி தெரியாம எல்லாம் இல்ல. அமெரிக்காவுல 2002லேர்ந்து நர்ஸ் ரெசிடென்சின்னு ஒரு வருஷப் பயிற்சி நடத்துறாங்க, சம்பளத்தோட வேலை, கூடவே மாசாமாசம் வகுப்பு, பேசி அழ ஒரு குழு. ஜப்பான்ல சட்டத்தையே திருத்தி 2010 ஏப்ரல்லேர்ந்து புது நர்ஸுங்களுக்குப் பயிற்சி குடுக்க முயற்சி எடுக்கிறது ஆஸ்பத்திரியோட கடமைன்னு எழுதிட்டாங்க. நான் இவ்வளவு பெருசாக் கூடக் கேக்கலைங்க. ஒரு ஃப்ரெஷருக்கு ஒரு சீனியர், பேர் போட்டு, அந்த சீனியருக்கு அந்த மாசங்கள்ல பேஷண்ட் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைச்சு. கடைசி வார்த்தைதான் முக்கியம், ஏன்னா "கத்துக்குடு"ன்னு சொல்லிட்டு அந்த சிஸ்டர் தலையில பழையபடி முழு வார்டையும் கட்டினா அவங்க எப்படிங்க கத்துக்குடுப்பாங்க, "நகரு நகரு நானே போட்டுடறேன்"னு டிரிப் ஏத்துற கேனுலா ஊசியைப் பிடுங்கித்தான் போடுவாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல லிண்டா ஐக்கன் குழு 2002ல ஆபரேஷன் ஆன பேஷண்டுங்க கணக்கை எடுத்துப் பாத்ததுல, ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷண்ட் கூடினா, அட்மிஷன் ஆகி 30 நாளுக்குள்ள சாவு ஏற்படுற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. அனுபவம் உள்ளவங்க இல்லன்னு போஸ்ட்டை மாசக்கணக்கா காலியா வச்சிருக்கிற ஆஸ்பத்திரி இந்தக் கணக்கையும் ஒரு தடவை பாக்கணும், காலி போஸ்ட்னா அந்த வேலை நின்னு போகல, மிச்சம் இருக்கிற சிஸ்டருங்க கையில ஏறுது.

இனி வேலை தேடுற புள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும், இந்தப் பேப்பரை அதுங்களும் படிக்குதுங்க.

கண்ணுங்களா, ரெஸ்யூம்ல "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகப் பணிபுரிவேன்"னு எழுதாதீங்க, எங்க மேஜைக்கு வர்ற எல்லாத்துலயும் அதேதான் இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. எந்த வார்டுல எத்தனை வாரம் போஸ்டிங், அங்க என்ன மாதிரி கேஸ், மேற்பார்வையில நீங்களே கையால செஞ்சது என்னென்ன, அதை எழுதுங்க. கேத்தட்டர் போட்டது, ரைல்ஸ் டியூப் ஃபீட் குடுத்தது, பிரசவம் பாத்தது, டிரக்கியாஸ்டமி சக்ஷன் பண்ணது. செஞ்சிருந்தா எழுதுங்க, பாத்ததை மட்டும் "பாத்தேன்"னு எழுதுங்க, ஒரே கேள்வியில மாட்டிக்குவீங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கே நர்ஸிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஓடுங்க, அது இல்லாம எந்த உருப்படியான ஆஸ்பத்திரியும் உங்க பேரை டியூட்டி லிஸ்ட்ல போடாது. பிஎல்எஸ்ங்கிற அடிப்படை உயிர்காப்பு கோர்ஸ் முடிச்சு வச்சுக்கோங்க, சின்னக் கோர்ஸ்தான், ஆனா ரெண்டு ஃப்ரெஷர் சமமா நின்னா அது ஒரு பக்கம் தட்டை இறக்கும்.

மெயில் அனுப்பிட்டு மட்டும் உக்காந்துடாதீங்க. ஹெச்ஆர்ல அதைத் திறந்து பாக்குறவருக்கு வார்டு தெரியாது, "அனுபவம் இல்லை"ன்னு பாத்ததும் ஒதுக்கிடுவார். நர்ஸிங் சூப்பிரண்டெண்டை நேர்ல பாருங்க, காலையில ரவுண்ட்ஸ் நேரத்துலயும் ஷிஃப்ட் மாத்துற நேரத்துலயும் போகாதீங்க, மத்தியானம் கொஞ்சம் ஓய்ஞ்ச நேரமாப் போங்க. எல்லாத்துக்கும் மேல, நீங்க போஸ்டிங் பாத்த ஆஸ்பத்திரியையே முதல்ல கேளுங்க. உங்க கையை நேர்ல பாத்த வார்டு சிஸ்டர் "இந்தப் பொண்ணை எடுக்கலாம் மேடம், கை சுத்தம், சொல்றதைக் கேட்டுக்கும்"னு சொல்ற ஒரு வார்த்தை பத்து சர்டிபிகேட்டுக்குச் சமம். படிக்கும்போதே இது தெரிஞ்சா போஸ்டிங்ல மூலையில நின்னு போன் நோண்ட மாட்டீங்க.

இன்டர்வியூவுல கணக்கு கேப்பாங்க, சொல்லிட்டேன். அதை விட முக்கியமா ஒரு சூழ்நிலையைச் சொல்லி என்ன பண்ணுவன்னு கேப்பாங்க. ராத்திரி 2 மணி, ஆபரேஷன் ஆன பேஷண்டுக்கு பிபி இறங்குது, பல்ஸ் ஏறுது, டாக்டருக்கு போன் போடுற, என்ன சொல்லுவ? "டாக்டர், பேஷண்ட் சரியில்ல, கொஞ்சம் வாங்க"ன்னா அந்தப் பக்கம் தூக்கத்துல இருக்கிற டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. இப்ப என்ன ஆச்சு, எந்த பேஷண்ட், என்ன ஆபரேஷன், எப்ப ஆச்சு, நீ பாத்தது என்ன, நம்பரோட சொல்லு, உனக்கு என்னன்னு தோணுது, என்ன வேணும், அந்த வரிசையில சொல்லணும். எஸ்பார்னு (SBAR) இதுக்குப் பேரு, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை. கண்ணாடி முன்னாடி நின்னு சத்தமாச் சொல்லிப் பழகுங்க. மனசுல சொல்றப்போ எல்லாருக்கும் வரும், வாயால சொல்றப்போதான் திக்கும். தெரியாத கேள்வி வந்தா "தெரியல மேடம், சீனியர்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்வேன்"னு தைரியமாச் சொல்லுங்க. நான் பேனல்ல உக்காந்தா அதுக்கு மார்க் போடுவேன், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசுற ஃப்ரெஷரை நினைச்சாத்தான் எனக்கு பயம்.

அப்புறம், அவங்க கேட்டு முடிச்சதும் நீங்க கேளுங்க. நிறைய பேர் இதை மரியாதைக் குறைச்சல்னு நினைச்சு வாயை மூடிட்டு வந்துடறீங்க. நைட்டுல ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்? எத்தனை வாரம் சீனியரோட சேத்துப் போடுவீங்க? அந்த சீனியர் ஒரே ஆளா, தினமும் மாறுவாங்களா? இந்த மூணையும் கேட்டுட்டு அவங்க மூஞ்சியைப் பாருங்க. பதில் டக்குனு வந்தா அங்க ஏதோ ஒரு முறை இருக்குன்னு அர்த்தம், "அதெல்லாம் போகப் போகக் கத்துக்கலாம்மா"ன்னா அன்னைக்கு நைட்டே தனியா விட்டுடுவாங்க.

முதல் வேலை ஜெனரல் வார்டுலதான் பாக்கணும், ஐசியூவுக்கு நேராப் போகக் கூடாதுன்னு ஒரு பழைய பேச்சு உண்டு. நான் அதை இப்ப நம்புறதில்ல. ஆறு மாசம் பக்கத்துலயே நின்னு சொல்லிக்குடுக்கிற ஐசியூ, முதல் வாரமே வார்டு சாவியைக் கையில குடுத்துட்டுப் போற ஜெனரல் வார்டை விட ஆயிரம் மடங்கு நல்லது. சின்ன ஆஸ்பத்திரியா பெரிய ஆஸ்பத்திரியாங்கிறதும் இதே கதைதான், சின்ன இடத்துல எல்லா வேலையும் கைக்கு வரும், ஆனா ராத்திரி ஒரு சந்தேகம்னா கேக்க ஆள் இருக்காது. சம்பளம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் கேக்க ஆள் இருக்கிற இடமாப் பாத்துப் போங்க. பசங்களுக்கு இன்னும் கஷ்டம், "பெண்கள் மட்டும்"னு விளம்பரத்துலயே போட்டுடறாங்க, இல்லன்னா வெயிட் தூக்குற வேலைக்குன்னே கேஷுவால்டியில தள்ளுறாங்க. அதைப் பத்தி எழுதினா அது தனி லெட்டர்.

ஏமாத்துற கூட்டம் ஒண்ணு வேலை இல்லாத புள்ளைங்களைச் சுத்தியே திரியுது. வேலை வாங்கித் தர்றேன்னு முன்பணம் கேக்குற ஏஜென்ட்டு, உள்ளூரோ வெளிநாடோ, ஓடிடுங்க. வேலை தேடி வர்றவங்ககிட்ட ஏஜென்சி காசு வாங்கக் கூடாதுங்கிறது 1997லயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 181ஆவது உடன்படிக்கையில போட்ட பொது விதி, சில விதிவிலக்கு உண்டு, எல்லா நாடும் கையெழுத்து போடவும் இல்ல, ஆனா நியாயம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க அது போதும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவுல பூட்டி வச்சுக்கிற இடம் உண்டு, காட்டுங்க, ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினலை விட்டுட்டு வராதீங்க. இத்தனை காலம் வேலையை விட மாட்டேன்னு எழுதி வாங்குற பாண்டுல கையெழுத்துக் கேட்டா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க, அதுக்கே முகம் சுளிச்சா அந்த வேலை வேண்டாம்.

சம்பளம் இல்லாம ஆறு மாசம் வேலை பாரு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தர்றேன்னு சொல்றது இன்னொரு வகை. லைசென்ஸ் உள்ள நர்ஸ் பேஷண்டைத் தொட்டா அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு, இதுல பேச்சே இல்ல. காசு குடுத்து போலி அனுபவ சர்டிபிகேட் வாங்குற ஐடியாவை யாராவது குடுத்தா அதை விட ஆபத்து வேற இல்ல. பிடிபட்டா ரெஜிஸ்ட்ரேஷன் போகும்ங்கிறது ஒரு பக்கம். ரெண்டு வருஷ அனுபவசாலின்னு நம்பி முதல் நாளே வென்டிலேட்டர் பேஷண்டை உங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போவாங்க, சொல்லிக்குடுக்க யாரும் வர மாட்டாங்க, கேக்கவும் உங்களால முடியாது. அந்த பேஷண்டை நினைச்சுப் பாருங்க.

என் கூட வேலை பாக்குற சீனியர் சிஸ்டருங்களுக்கும் ஒண்ணு. "நாங்கல்லாம் யாரு சொல்லிக்குடுத்து வந்தோம், நாங்க பட்டோம், இதுங்களும் படட்டும்"ங்கிற பேச்சை ஷிஃப்ட் மாத்தி ஹேண்டோவர் குடுக்கிற நேரத்துல எத்தனை தடவை கேட்டாச்சு. நாம பட்டது நிஜம், பட்டதுல பாதி தேவையே இல்லாதது. புதுசா வந்த பொண்ணு எமர்ஜென்சி டிராலியில எந்த டிராயர்ல அட்ரினலின் இருக்குன்னு தெரியாம நின்னா அது அந்தப் பொண்ணு தப்பு இல்ல, முதல் நாளே டிராலியைத் திறந்து காட்டாத நம்ம தப்பு. பத்து நிமிஷ வேலை அது.

கடைசியா உங்ககிட்ட, ஆசிரியர் ஐயா. வாசகர் லெட்டரைப் போட்டா ஆஸ்பத்திரிங்க மாறிடும்னு நான் நினைக்கல. ஆனா விளம்பரம் உங்க கையில இருக்கு. நர்ஸ் வேலை விளம்பரம் எடுத்துட்டு வர்ற ஆஸ்பத்திரிகிட்ட ஃப்ரெஷர் வரலாமா, எத்தனை மாசம் பயிற்சி, பயிற்சி காலத்துல முழுச் சம்பளமான்னு மூணு கட்டம் வச்சு, நிரப்பித் தாங்கன்னு உங்க விளம்பரப் பிரிவு கேக்கலாமே. காலியா விட்டா காலியாவே அச்சடிங்க, படிக்கிற புள்ளைங்க புரிஞ்சுக்கும், எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்க வேண்டாம்னு பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அப்படியே ஜெனரல் வார்டுக்கு ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறவங்ககிட்ட ஏன்னு ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்க, அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு படிக்க நானும் காத்துட்டிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்
(பேர் போட வேண்டாம், நான் இன்னும் டியூட்டியிலதான் இருக்கேன்)